சலவைக் கொப்பி

மலருக்குப் பள்ளி வரலாறு
ஒரு பக்கம் வேண்டுமாம்.
தளபதிகள் வந்துபோன தேதிகள் பளிங்கில் இருக்கின்றன,
பார்த்து எழுதலாம்.

எனக்குக் கிடைத்தது
கொம்பனித்தெரு மருதப்புவின் சலவைக் கொப்பி.
விடுதிப் பிள்ளைகளுக்கு அதில் பெயரில்லை.
கழுத்துப்பட்டியில் சிவப்பு நூலால் தைத்த இலக்கம்தான்.

நாற்பத்தேழு:
காக்கிச் சட்டை மூன்று, காற்சட்டை இரண்டு, படுக்கை விரிப்பு ஒன்று.
அடுத்த கிழமை விரிப்பு மூன்று.
அதற்கடுத்து ஐந்து.
ஓரத்தில் பென்சிலால்,
'சின்னப் பிள்ளை. வோர்டனிடம் சொல்லவில்லை.'

சித்திரையில் துறைமுகத்தில் குண்டு விழுந்த கிழமை
பக்கம் வெறுமை.
பிறகு ஒரே ஒரு வரி:
பேரவாவிக் கரையில் காயப்போட்டதெல்லாம் கரி,
திரும்பவும் தோய்த்தது, கூலி இல்லை.

வைகாசியில் நாற்பத்தேழு மறுபடி வருகிறது.
விரிப்பு ஒன்று.
காற்சட்டை 'பெரிய அளவு' என்று குறிப்பு.

ஒரு மாதத்தில்
யாரும் அவ்வளவு வளர்வதில்லை.

பின்னட்டையைப் புரட்டினேன்,
நூல்கண்டு வாங்கிய கணக்கு மட்டும்.
சிவப்பு, ஆறு சதம்.

பக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன்:
தளபதிகள், கேடயங்கள், புதிய நீச்சல் தடாகம்.
அடியில் இரண்டு வரிக்கு இடம் மிச்சம்.
விளம்பரம் போடலாம் என்கிறார்கள்.