இரண்டு வால்

கல்முனையில் வாங்கினேன்.
பெட்டியில் பெரிதாய் இத்தாலி,
அடியில் பொடி எழுத்தில் வேறு நாடு.
மிக்சர் டெப். அதன் பளபளப்பில்
என் மூக்கு தேங்காயளவு.

வீடு ஹப்ஸானாவுக்கு எழுதினது.
அவள் ஒன்பதாம் வகுப்புப் படிக்கையில் போட்ட அத்திவாரம்.
கதவும், கதவின் திறப்பும், முற்றத்து ஜம்புவும்
எனக்கு முதல் இங்கே வந்தவை.
நான் கொண்டு வந்தது ஒரு சூட்கேஸ்,
அயன் பண்ணின பதினொரு சேட்,
பிரதேச சபையில் கணக்கெழுதுகிற கை.

பழைய பைப் நாலு மாதமாய் ஒழுகியது.
"பாசைக் கூப்பிடுவமா மகன்?" என்றார் மாமி.
"நானே பூட்டுறன்."
சொன்னது வாய். கையை யாரும் கேட்கவில்லை.

பேசினுக்குக் கீழே மல்லாக்கப் படுத்தால்
நிந்தவூர் வேறு ஊர்.
மேலே பீங்கானின் மினுக்காத வயிறு,
அதில் யாரோ பென்சிலால் போட்ட நாலு,
ஒரு சிலந்தி,
உப்புக் காற்றும் கிணற்றுக் காவியும் தின்று
கல்லாகிப்போன நட்.
ஸ்பனர் வழுக்கி
விரல் மொளியில் தோல் போனது.

"எந்த வால்வைப் பூட்டுற?"
டேங்க் அடியிலிருந்து ஹப்ஸானா.
"சிவப்புப் பிடி!"
"ரெண்டும் சிவப்புத்தான்!"
நான் யோசித்து முடிக்க முதல்
தண்ணீர் யோசித்து முடித்திருந்தது.
கண், காது, சேட்டுப் பொக்கற், பொக்கற்றில் ஃபோன்.

அரிசிக்குள் ஃபோனைப் புதைத்துவிட்டு
மறுகாப் படுத்தேன்.
வெள்ளை டேப்பைப் பிழையான பக்கம் சுற்றியிருக்கிறேன்.
முறுக்க முறுக்க
இடியப்பமாய்ப் பிய்ந்து மார்பில் விழுந்தது.
கழற்றி, மற்றப் பக்கமாய், எண்ணி, பன்னிரண்டு சுற்று.

பிறகுதான் கவனித்தேன்.
புதியதுக்கு இரண்டு வால்:
ஒன்றில் நீலக் கோடு, ஒன்றில் சிவப்பு.
சுவருக்கோ ஒரு வாய்.
கொதிதண்ணீர் இந்த வீட்டில்
கேத்திலில் மட்டும்தான் உண்டு.

ஹப்ஸானாவின் ஃபோனில் கடைக்காரரைப் பிடித்தேன்.
"ஒரு டீ போடுங்க, சரியாகும்."
மாமி அப்போதுதான் தேத்தண்ணியோடு வந்து நின்றார்.
நான் கோப்பையைப் பார்த்தேன்.
"அந்த டீ இல்ல தம்பி,
மூணு வாய் உள்ளது. நூற்றி எண்பது ரூபா."

அப்படியே போட்டேன்.
ஒரு தண்ணீர் இரண்டாய்ப் பிரிந்து
சிவப்புக்குள் கொஞ்சம், நீலத்துக்குள் கொஞ்சம் ஏறி
ஒரு சாண் தூரத்தில்
திரும்பவும் தன்னையே சந்திக்கிற ஏற்பாடு.

மஹ்ரிபுக்குப் பாங்கு சொல்லியாயிற்று.
வுழு எடுக்க மாமி வந்தார்.
முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு
பிடியை, பாம்பைத் தொடுகிறவர் மாதிரி,
சிவப்புப் பக்கம் திருப்பினார்.
கூரையில் கறுப்பு டேங்க்
பகல் முழுக்க வெயில் குடித்திருந்தது.
"சுடுதண்ணியும் வருகுதே!"
ஹப்ஸானா என்னைப் பார்த்தாள்.
நான் டைல்ஸைப் பார்த்தேன்.

இரவெல்லாம் மழை.

சுபஹுக்கு முந்தின இருட்டில்
மாமியின் செருப்பு. விளக்குச் சுவிச்.
பிடி இடப்பக்கம் போகும் மெல்லிய கிளிக்.
தண்ணீர் ஓடியது. இன்னும் ஓடியது.
காத்து நிற்கிறார்.
போர்வைக்குள் ஹப்ஸானாவின் சிரிப்பு
கட்டிலை ஆட்டியது.
நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.
இன்னொரு கிளிக். பிடி நடுவுக்கு வந்துவிட்டது.
ஒரு இருமல்.
பிறகு, மூன்று மூன்று தரமாய்த் தண்ணீர் விழும் சத்தம்.

விடிந்து பார்த்தால்
பேசினுக்குக் கீழே ஒரு ஐஸ்கிறீம் டப்பா,
அதில் ஒரு விரலளவு தண்ணீர்.
மாமி ஒன்றும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

எங்கே கசிகிறது என்று தடவிப் பார்த்துவிட்டு
ஸ்பனரைத் தேடினேன்.
படுத்த இடத்தில் இல்லை, பெட்டியில் இல்லை.
குசினியில் கிடந்தது,
கழுவித் துடைத்து
மாமியின் அகப்பைகளுக்குள்ளே.