பந்துக்கு வெந்நீர்

இரண்டாம் ஊரடங்கு நீங்கி ஒன்பதாம் நாள்
கேலாங் சமூக மன்றத்தின் சாவி
என் சட்டைப்பையில் கனத்தது.
சம்பளம் தொண்ணூறு வெள்ளி.
பதவியின் பெயர் இளைஞர் அமைப்பாளர்.
அமைக்கத்தான் ஒருவரும் வரவில்லை.

பதினோராம் நாள் ஐந்து பேர்,
கம்போங் பக்கத்து வாசலால் நுழைந்து
அந்தப் பக்கச் சுவரோரமே உட்கார்ந்தார்கள்.
பிறகு மூன்று பேர்,
லோரோங் பக்கத்து வாசலால்.
நடுவில் மேசைப்பந்து மேசை.
வலை ஜூலையிலேயே கிழிந்திருந்தது.

சுவரொட்டியில் நான்கு நிறக் கைகள்
ஒன்றையொன்று பற்றியிருந்தன.
அதன் கீழே யாரும் உட்காரவில்லை.
அங்கே கூரை ஒழுகும்.

தமிழன் என்றுதான் என்னை அனுப்பினார்கள்.
"நீ இதிலும் இல்லை, அதிலும் இல்லை" என்றார் மேலதிகாரி.
இல்லாதவனாக இருப்பது எப்படியென்று
பயிற்சி எதுவும் தரவில்லை.

மட்டைகளை எடுத்து வைத்தேன்.
கிம் சுவான் ஒன்றைப் புரட்டிப் பார்த்தான்.
"பந்து?"
இருந்தது, ஒன்றே ஒன்று.
அன்றைக்கு ஓடியவர்களில் யாருடைய செருப்போ
மிதித்துவிட்டுப் போயிருந்தது.
விரல்நுனி கொள்ளும் குழி.
புதுப் பந்து கேட்டு மூன்று பிரதி எழுதினேன்.
பதில் இல்லை.
ஒரு வாரம் எட்டுப் பேரும்
அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
வீட்டுக்குப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை ஜைலானி எழுந்தான்.
அவன் அண்ணனுக்கு வலக்கை இன்னும் மடங்காது;
எதனால் என்று நான் கேட்டதில்லை,
கேட்கவேண்டிய தேவை அங்கே யாருக்கும் இல்லை.

"சுடுதண்ணியில போட்டா எழும்பும்" என்றான்,
சந்தை மலாயில், சுவரைப் பார்த்து.
"கொதிக்கக் கூடாது" என்றான் கிம் சுவான்,
அவனும் சுவரைப் பார்த்து.
"வெடிச்சிடும்."

கோப்பிக் கடைக்கு ஓடினேன்.
தகரக் குவளையில் ஆவி பறக்க,
விரல் மாற்றி விரல் மாற்றித் தூக்கி வந்தேன்.
எட்டுத் தலைகள் குனிந்தன.
டொப்.
யாரோ சிரித்தார்கள்.
யாரென்று நான் திரும்பவில்லை;
திரும்பியிருந்தால் நின்றிருக்கும்.

மாத அறிக்கையில்
'நல்லிணக்க நடவடிக்கைகள்' என்றொரு கட்டம்.
'வெந்நீர், ஐந்து காசு' என்று நிரப்பினேன்.
கணக்குப் பிரிவு விளக்கம் கேட்டது.

இன்னொன்றும் எழுதியிருக்க வேண்டும்.
குழி எழும்பியதே தவிர
பந்து பழைய பந்தாகவில்லை.
குதிக்கும்போது ஒரு மயிரிழை
இடப்பக்கம் சாயும்.
வலைக்குப் பதில் கயிறு கட்டி ஆடினார்கள்.
சாய்வைத் திட்டிக்கொண்டே,
ஒருவரையொருவரும் திட்டிக்கொண்டே,
நிற்கும் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக
நகர்த்திக்கொண்டார்கள்.

டிசம்பரில் புதுப் பந்துகள் வந்தன.
அந்த வாரம் ஒரு மாலை
ஜைலானியின் அண்ணன்
கம்போங் பக்கத்து வாசல்வரை வந்தான்.
இடக்கையால் கதவைப் பிடித்தபடி
இருபத்தொரு புள்ளி முடியும்வரை பார்த்தான்.
உள்ளே வரவில்லை.

மறுநாள் அந்தக் கதவை
அரைமணி முன்னதாகவே திறந்துவைத்தேன்.