பத்தாவது ஆள்

டெல்லியில் அந்தச் சட்டம் பிறந்தபோது
நான் பிறக்கவில்லை.
"பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம்"
என்று எழுதியவர் யாரோ.
ஏன் எட்டு இல்லை, ஏன் பன்னிரண்டு இல்லை?
விரல் விட்டு எண்ணியிருப்பார்.
ஏற்போர் ஆம் என்க என்றார்கள்.
ஆம் என்றது அவை.

அந்த வரி பனங்காட்டுக்கு வந்துசேர
நாற்பத்தோரு வருடம்.

கொலுசுப் பட்டறையில் கேஸ் பற்றிக்கொண்டு
சித்துராஜுக்கு இடது கண் போயிற்று.
ஒன்பதே பேர்தான் அய்யா, சட்டம் எங்களைத் தொடாது,
சம்பள நோட்டைப் பாருங்கள் என்றது
முதலாளி அங்கப்பன் தரப்பு.
நோட்டு சரியாகத்தான் இருந்தது.
பக்க எண் போட்டவன் நான்,
அஸ்தம்பட்டி கோர்ட்டின் டைப்பிஸ்ட்.

சித்துராஜின் வக்கீல் நூர்ஜகான்
முதலாளியின் மனைவியைக் கூண்டில் ஏற்றினார்.
பெயர்?
பாவாயி.
தொழில்?
"ஒண்ணுமில்லைங்க, வீட்ல சும்மாதான் இருக்கேன்."
அப்படியே தட்டினேன்.

விடிந்ததும் என்ன செய்வீர்கள்?
"வெண்காரம் இழைப்பேங்க."
அப்புறம்?
"முத்து கோப்பேன்.
பூந்திக்கொட்டைத் தண்ணியில
அன்னன்னைக்குக் கொலுசைத் தேய்ச்சு வைப்பேன்."
அப்புறம்?
"ராத்திரி ஆயிடுங்க."

கையைக் காட்டச் சொன்னார்.
'சாட்சி கையைக் காட்டினார்' என்பதற்கு மேல்
என் மிஷினில் எழுத்து இல்லை.

நீதிபதி சொல்லச் சொல்லத் தட்டினேன்:
சட்டம் "வேலை செய்யும்" என்கிறது, கமா,
"சம்பளம் வாங்கும்" என்று எங்கும் சொல்லவில்லை.
நிறுத்தினார்.
ஜன்னலில் சேர்வராயன் மேல்
மேகம் பாதி மலையைத் தின்றிருந்தது.
"ஆகவே, பத்து" என்றார்.

யாரும் கை தூக்காமல்
அந்த மாலை ஒரு சட்டம் ஓர் ஆள் அளவு வளர்ந்தது.
சிவதாபுரம் வரை முதலாளிகள்
வீட்டுக்குப் போய் மனைவிமாரை எண்ணினார்கள்.
தலையிடக் காரணமில்லை என்றது சென்னை.

மூன்றாம் வருடம், ஒரு வியாழன் பிற்பகல்,
டெல்லியில் திருத்தம்:
"குடும்பத்தினர் நீங்கலாக."
விவாதம் இல்லை.
ஏற்போர் ஆம் என்க.

திருத்தச் சீட்டைப் புத்தகத்தில் ஒட்டுவதும்
என் வேலைதான்.
நிறையப் பசை தடவினேன்.
ஓரம் இன்னும் தூக்கிக்கொண்டு நிற்கிறது.
சித்துராஜ் பணத்தை வாங்கிவிட்டான்,
அதை யாரும் திரும்பக் கேட்க முடியாது.

சாட்சிப் படிப் பதிவேட்டை எந்தத் திருத்தமும் தொடவில்லை.
நாற்பது ரூபாய், எதிரே கோணலாய்
பாவாயி என்று ஒரு கையெழுத்து.
அன்று நோட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
இது எதுக்குங்க?
வந்து நின்னதுக்கும்மா என்றேன்.

"நின்னதுக்கேவா?"