மூன்றாம் எண் கூண்டு

பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றியதால்
அப்பா கடலுக்குப் போகவில்லை.
அதனால்தான் மதுரைக்கு வந்தார்,
நாலு வருடத்தில் முதல் முறை.

விடியுமுன் மண்டபத்தில் பஸ் ஏறினோம்.
உச்சிப்புளி தாண்டும்வரை பேசவில்லை.
பிறகு, "ஊசி பெருசா?" என்றார்.
"நண்டுக் கொடுக்கு அளவு" என்றேன்.
சிரிக்கவில்லை.

எனக்கு வேலை நண்டுக் கம்பெனியில்.
ஓட்டை உடைத்து
வெள்ளைச் சதையை நார் அறாமல் இழுக்கணும்.
கையுறை கழற்றினால்
விரல் முட்டியெல்லாம் மஞ்சள் புடைப்பு.
சேர்ந்த அன்றே சூப்பர்வைசர் கேட்டாள்: ஒட்டுமா?
ஒட்டாது அக்கா.
ஒட்டவேண்டியது வீட்டுக்குள்ளேயே ஒட்டி முடிந்தது.

அம்மாவுக்கு அப்பா சொந்தத் தாய்மாமன்.
வெளியே கொடுத்தால் வள்ளம் பங்குபிரியும் என்று
பதினெட்டு முடிந்த மாதமே கோவிலில் ஓலை வாசித்தார்கள்.
வள்ளம் பிரியவில்லை.
வேறெதுவும் வெளியே போகவில்லை.
டாக்டர் தாளில் வரைந்தார்:
பாதி கறுத்த வட்டம் அம்மா,
பாதி கறுத்த சதுரம் அப்பா,
கீழே முழுசாய்க் கறுத்து இரண்டு.
ஒன்று நான்.
குறுக்கே கோடு கிழித்தது ரெக்ஸன்.
பன்னிரண்டு வயது. பள்ளிக்கூட ஓட்டப்பந்தயம்.
முதலாவதாக வந்துகொண்டிருந்தான்.

இடக்கையில் எடுக்கும், வலக்கையில் கொடுக்கும்,
மூன்று மணி நேரம்.
மெஷினுக்குள் சிவப்பு தனியே, மஞ்சள் தனியே;
மஞ்சள் ஒரு குப்பிக்குள் நுழைந்து
கொழுப்பை அங்கே விட்டுவிட்டு
மறுபடி சிவப்போடு சேர்ந்து எனக்குள் வரும்.
நானூற்றுத் தொண்ணூறு நூற்றிருபதாகும்.
பதினைந்து நாளில் திரும்ப ஏறும்.
நர்ஸ் வைதேகி இதை வடிகட்டல் என்பாள்.
நான் வத்தம் என்பேன்.
வெள்ளம் வராமலா போகும்.

அப்பா நாற்காலி நுனியில் இருந்து
தூண்டில் கயிற்றைப் பார்ப்பதுபோல்
குழாயையே பார்த்தார்.
"இந்த மஞ்சள் என்னோடதா, அவளோடதா?"
வைதேகிக்குப் புரியவில்லை.
"உங்க மகளோடது சார்" என்றாள்.

உதடு மரத்துவந்தது, கால்சியம் கேட்டேன்.
அது வழக்கம்தான்.
அவருக்குத் தெரியாது, என் பாதத்தைப் பிடித்துக்கொண்டார்.
ஒரு காலை மட்டும்.
மாத்திரை கரைந்து வெகுநேரம் ஆன பிறகும் விடவில்லை.

திரும்புகையில் பரமக்குடியில் மழை.
கண்டக்டர் ஷட்டரை இறக்கச் சொன்னார்.
அப்பா முகத்தை என் பக்கம் திருப்பி
இமையை விரலால் விரித்தார்:
"உன் கண்ணுல உள்ள வளையம் எனக்கும் இருக்கா, பாரு."

பஸ் விளக்கு ஆடியது.
கருவிழியின் மேல் ஓரத்தில்
வெட்டிப்போட்ட நகம்போல் ஒரு வெள்ளை.
"இருக்கு" என்றேன். "பாதி."
"அவளுக்கு?"
"அம்மாவுக்கும்."

ராமநாதபுரம் வரும்வரை
சட்டைப்பையில் சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தார்.
"அடுத்த தடவை மூணு டிக்கெட்."
"அதுக்குள்ள கூண்டை இறக்கிருவாங்கப்பா."
"இறக்கட்டும்."