மேலேயிருந்து

எனக்க பேரு ஏசுவடியான்.
பத்மநாபபுரம் கொட்டாரத்தில் தூப்பு வேலை,
ஒப்பந்தம், ஒன்பதாவது வருஷம்.
மண்ணு தமிழ்நாடு, கூரை கேரளம்.
ரேஷன் அரிசி தக்கலையில்,
சம்பளம் திருவனந்தபுரத்திலிருந்து,
வந்தால்.

உப்பரிகையில் ஒரு கட்டில்.
ராஜாவுக்கு அல்ல, சாமிக்கு.
கயிறு கட்டி மறித்த அறையின் முன்னால்
வழிகாட்டி மூன்று பாஷையில் சொல்வார்:
'நாட்டைச் சாமிக்கு எழுதிக்கொடுத்துவிட்டு
ராஜா தாசனாக இருந்து ஆண்டார்.'
கேட்கிறவர்கள் செருப்பில்லாத காலை
இன்னும் கொஞ்சம் ஒதுக்கிக்கொள்வார்கள்.

வாளைப் படியில் வைத்தாராம்.
பிறகு, தாசனாய், அதே வாளை எடுத்தாராம்.
வைத்த கைக்கும் எடுத்த கைக்கும் நடுவில்
ஒரு மூச்சு நேரம் இருந்திருக்குமே,
அதைத்தான் நான் யோசிப்பேன்
துடைப்பத்தைத் தட்டிக்கொண்டு.
அந்த ஒரு மூச்சில்
ஓடியிருக்கலாம் எங்க ஆளுக.
யாரும் சொல்லவில்லை.

அவரு தாசன்.
நான் அடியான்.
ரெண்டும் ஒரே அர்த்தம்தான் என்கிறாள்
டிக்கெட் கிழிக்கும் ரெத்தினபாய்.
ஒரே அர்த்தமென்றால், பிள்ளே,
பனையேறின எனக்க பாட்டனுக்கப் பாட்டன்
மாடனுக்க தலைக்கு மட்டும்
எதுக்கு வரி?

தாசன் மேல் பிராது என்றால்
எசமானிடம்தான் போகணும்.
எசமான் கோயில் தெருவிலோ
மாடன் நடக்கப் படாது.
எவ்வளவு கச்சிதமான பூட்டு!
சாவி உள்ளே.

போன ஞாயிறு சபையில் போதகர்
ஆளுகை எல்லாம் மேலேயிருந்துதான் என்றார்.
மேலே பார்த்தேன்.
மின்விசிறி, ஒரு இறக்கை வளைந்தது,
காணிக்கை: ஞானாபரணம் குடும்பத்தார்.

திங்கட்கிழமை கொட்டாரத்துக்கு விடுமுறை.
ஆளில்லாத அன்றைக்குத்தான் கட்டிலுக்கு அடியில் தூப்பது.
குனிந்து, கயிற்றுக்கு அடியில் நுழைந்து:
ஒரு மிட்டாய்த்தாள். சிலந்தி.
யாரோ பெண்பிள்ளையின் தலைமுடி ஊசி,
அது எப்படி இத்தனை தூரம் வந்ததோ.
கட்டில் மேல் கை வைத்தேன்.
யாரும் படுத்த சூடு இல்லை,
படுக்காத குளிர்ச்சியும் இல்லை.
வெறும் மரம்.
வேளிமலைப் பக்கம் மழை இறங்கும் இரைச்சல்.
மணிக்கூண்டு மணி அடித்தது,
அதை நம்பித்தான் இங்கே எல்லாரும் சாப்பிடுகிறோம்.

உட்கார்ந்து பார்த்தீரா ஓய் என்று
ரெத்தினபாய் கேட்டாள்.
இல்லை.
பயமா?
சொல்லத் தெரியவில்லை.
தலைக்கு வரி கட்டினவனுக்க முதுகு
குனியத்தான் சீக்கிரம் பழகுது.

சாயங்காலம் மேஸ்திரியிடம் கேட்டேன்,
ரெண்டு மாசம் ஆச்சே, சம்பளம்?
'என் கையில் என்ன இருக்கு, அடியான்,
மேலேயிருந்து வரணும்.'

நான் தினமும் மேலே போகிறேன்.
மூன்று மாடி, இடுங்கின மரப்படி,
தலை இடிக்கும்.
நேற்று அள்ளினேன் அங்கேயிருந்து
அரைச்சட்டி
வௌவால் எச்சம்.