நாற்பத்திரண்டாம் நம்பர் கம்பி

நகரியிலிருந்து பைக்கில் வந்தார் ஏசுரத்தினம்.
கிட்டாரைக் கொண்டுவரவில்லை,
அதன் பிக்கப்பை மட்டும் கைக்குட்டையில் முடிந்திருந்தார்.
பொதட்டூர்பேட்டையில் மோட்டார் சுற்றும் மூன்று கடையும்
கையை விரித்தன.
ஊதினாலே அறுந்துடும் சார், இந்தக் கம்பி.
மூன்றாவது கடை என் கொழுந்தன் கஜபதியுடையது.
அண்ணியைக் கேளுங்க என்றான்,
தார் சுத்துறவங்க.

பதினொரு வயதிலிருந்து சுற்றுகிறேன்.
தாரில் மேடு விழுந்தால் நாடாவில் நூல் சிக்கும்,
சிக்கினால் கூலியில் பிடிப்பார்கள்.
மேடு விழாமல் பார்த்துக்கொள்வதுதான்
எனக்குத் தெரிந்த ஒரே அடக்கம்.

முடிச்சை அவிழ்த்தார்:
ஆறு காந்தத் துண்டு,
மேலும் கீழும் கறுப்பு அட்டை,
நடுவே பச்சை பூத்துச் செத்த செம்பு.

பாதி தெலுங்கில் பாதி தமிழில் கதை சொன்னார்.
ஊதுகருவிகளுக்கு நடுவே கிட்டார்
வாயசைத்துக்கொண்டிருந்த காலமாம்.
லாடம்போல் வளைந்த காந்தத்தைத்
தந்திகளுக்கு மேல் கவிழ்த்தார்களாம்.
இரும்பு நடுங்கினால் காந்தத்துக்கு உறுத்தும்,
செம்பு அதைப் போய்ச் சொல்லும்.
அப்புறம் தொழிற்சாலைகள்.
வரிசையாகப் பெண்கள்,
ஆளுக்கொரு பாபின், விரலிடுக்கில் கம்பி.
அவங்களுக்கு என்ன கூலி? என்றேன்.
அது மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

தையல் மெஷின் மோட்டார்.
என் பையனுடைய கால்குலேட்டரைப் பிரித்து
சமன் பொத்தானுக்கு ஒயர் இழுத்தான் கஜபதி.
ஒரு சுற்றுக்கு ஒன்று கூடும்.
5312இல் அறுந்தது.
நான் மூச்சு விட்டேனா, ஃபேனா, தெரியாது.
மறுநாள் 2940.
மூன்றாம் நாள் கோபத்தில்
கையை அதன் போக்கில் விட்டேன்.
மேடும் பள்ளமுமாய்,
குடித்தவன் தெருவில் நடப்பதுபோல்
7800 வரை போய் நின்றது.

மீட்டரில் ஆறு கிலோ ஓம்.
எனக்கு வெட்கமாக இருந்தது, முந்தானையால் மூடினேன்.
அவர் எடுத்துப் பார்த்து
இப்படித்தான் இருக்கணும் என்றார்.
நெருக்கிச் சுற்றினால் சத்தம் மந்தமாகுமாம்,
கலைந்து கிடந்தால் மேல் ஸ்வரம் திறக்குமாம்.
ஒழுங்கு தப்பியதற்கு முழுக்கூலி
அன்றுதான் வாங்கினேன்.

ஆம்பில் மாட்டினோம். நகத்தால் தட்டினேன்,
கடைக்குள் இடி.
யாரும் பார்க்காதபோது குனிந்து
தேசம்மா என்றேன்.
ஸ்பீக்கருக்குள் எங்கோ தூரத்தில்
யாரோ தேசம்மா என்றார்கள்.
அது குறை, மெழுகு குடிக்கணும் என்றார்
முதுகைத் திருப்பாமலே.

பால் டப்பாவில் நாலு மெழுகுவர்த்தி உருகியது.
உள்ளே இறக்கியதும் குமிழி குமிழியாகக் காற்று வந்தது,
பிறகு வரவில்லை.
ஆறவைத்து மறுபடி சொல்லிப் பார்த்தேன்.
செவிடு.

ஆனால் எதிர்வீட்டுத் தறிகளுக்கு மெழுகு அடங்கவில்லை.
நாலு மோட்டாரும் ஓட
தந்தி தொடாமலே முனகியது.
ஒற்றைச் சுருள் அப்படித்தான்,
எதிர்ப்பக்கமாய்ச் சுற்றி, காந்தத்தையும் திருப்பி
இன்னொன்று ஜோடி வைத்தால் முனகல் அழியும் என்றார்.
ரெண்டு சுத்தினா ரெண்டு கூலி என்றேன்.
சிரித்துக்கொண்டே பைக்கை உதைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்கவைத்தார்.
பாட்டு நன்றாகத்தான் இருந்தது.
இரண்டு பாட்டுக்கு நடுவே, பாதிரியார் பக்கம் புரட்டும்போது,
அதே முனகல்.
அங்கே நகரித் தறி.
கரண்ட் பில் வேறு, சுருதி இதேதான்.

ஜோடி சுற்றச் சொல்லி இன்னும் கேட்கவில்லை.