தண்ணி பட்டால்

கிளிநொச்சிச் சந்தைக்குப் பின்னால்
கொப்பிக் கடையில் பச்சை மை மூன்று போத்தல்.
நீலத்தை அலுவலகம் தரும். பச்சையைக்
கணக்காய்வுக்காரர் தாங்களே தேடவேணும்.

'ஜெல் பேனை இருக்கு மிஸ், பச்சையிலயும் இருக்கு'
என்கிறான் கடைப்பொடியன் யதுசன்.
வேண்டாம். என்னுடையது மைப் பேனை,
அமத்தாமல் எழுதும்.
பிழை பிடிக்கிற வேலைக்கு
அந்தளவு இரக்கமாவது வேணும்.

பழைய பில் ஒன்றைப் புரட்டித் தந்தான்.
எல்லாரும் தங்கள் பெயரை எழுதித்தான் பார்ப்பார்களாம்.
நான் குளங்களை எழுதினேன்.

முதலாவதில் இரணைமடு.
விதைத்துப் பன்னிரண்டாம் நாள் வயல்,
கண்ணுக்குள் குளிர்ந்தது.
இரண்டாவதில் வவுனிக்குளம்.
மயில் கழுத்து. வெயிலில் பிடித்தால் நீலத்துக்கு நழுவுகிறது,
எந்தப் பக்கம் என்று கேட்டால் சொல்லாத ஆளைப்போல.
மூன்றாவதில் அக்கராயன்.
அந்தப் பச்சை.
சட்டைப் பச்சை, சோதனைச்சாவடி மண்மூட்டைப் பச்சை.
கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்குமுன்
கையை எடுத்துவிட்டேன்.

பிறகு தண்ணிப் போத்தலைத் திறந்து
மூன்றின்மேலும் ஒவ்வொரு சொட்டு.
'மழைக்கையோ இருந்து எழுதப்போறியள்?'
யதுசன் சிரித்தான்.

இரண்டாயிரத்து ஒன்பது. நெஞ்சளவு உப்புத் தண்ணி.
தலைக்கு மேல் பிடித்து வந்த பை
எப்படியோ நனைந்துதான் இருந்தது.
சாதாரணதரச் சான்றிதழின் பிரதியில்
அச்செழுத்து நின்றது.
'உண்மைப் பிரதி' என்று அதிபர் வைத்த பச்சைக் கையொப்பம்
கரைந்து என் பெயரின்மேல் படர்ந்திருந்தது.
முகாம் மேசையில் இருந்தவர்
தாளை வெளிச்சத்துக்குப் பிடித்து
'இதென்ன, பாசியா?' என்றார்.

யதுசனுக்கு இதெல்லாம் சொல்லவில்லை.
'ஓம், மழைக்கைதான்' என்றேன்.

இரணைமடு உடைத்துக்கொண்டு போனது.
வவுனிக்குளம் கலங்கியது,
மீன் மணக்காத குறை.
அக்கராயன் அசையவில்லை.
விரலால் தேய்த்தேன்.
ம்ஹூம்.

வயல் பச்சையை ஒருக்கால் கையில் எடுத்து
விலையைப் பார்த்து, விலைக்காகத்தான் என்பதுபோல்
திரும்ப வைத்தேன்.
'பிடிக்காமல் வாங்குறியள் போல கிடக்கு.'
'தாளுக்குப் பிடிச்சால் காணும்.'

திங்கட்கிழமை முதல் கோவை:
வாய்க்கால் கட்டுத் திருத்தம், கிரவல் நாற்பத்துமூன்று லோட்.
பற்றுச்சீட்டுகளை எண்ணினேன்.
தேத்தண்ணி குடித்துவிட்டு
இன்னொருக்கால் எண்ணினேன்.
ஓரத்தில், அந்தப் பச்சையால்,
ஒரு புள்ளியும் விடாமல் எழுதினேன்:

மிச்சம் நாலும் எங்கே?